நிபுணர் சாட்சி யாருக்காகப் பேசுவார்?

பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற அரசு நரம்பியல் மருத்துவர், காரைக்குடி

கேள்வி: போன மார்கழியில் ஒருநாள் காலை 6.30 மணிக்கு வளவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த எங்கள் அப்பச்சியின் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. வாய் கோணி, பேச்சு குழறியது. 7.30-க்கெல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். சிடி ஸ்கேன் எடுத்ததோ மதியம் 2 மணிக்கு. “அடைப்புதான், ஆனால் நேரம் கடந்துவிட்டது” என்றார்கள். இன்று வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் இல்லை. நரம்பியல் டாக்டர் ஒருவர் நிபுணர் சாட்சியாக வந்தால்தான் வழக்கு நிற்கும் என்கிறார் வக்கீல். ஒரு டாக்டரை எதிர்த்து இன்னொரு டாக்டர் எங்களுக்காகப் பேசுவாரா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்களுக்காகப் பேசுகிற டாக்டரைத் தேடாதீர்கள். அப்படி ஒருவர் கிடைத்தாலும் குறுக்கு விசாரணையில் நிற்கமாட்டார். வேலையில் இருந்தபோது இப்படிப்பட்ட வழக்குகளில் நானும் கருத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். நடந்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி நீங்கள்தான். ஆவணங்களைப் படித்து, மருத்துவம் தெரியாத நுகர்வோர் ஆணையத்துக்கு விளங்கச் சொல்வது மட்டுமே எங்கள் வேலை.

கேஸ் ஷீட் (ஆஸ்பத்திரியின் சிகிச்சைப் பதிவு) கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது நேரத்தை. அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? உங்கள் அப்பச்சிக்கு அது 6.30. (தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், முந்தின இரவு படுத்த நேரத்திலிருந்து கணக்கு ஓடும்.) மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள், அதாவது 11 மணிக்குள் போட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னால் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். ஆக, 7.30-க்கும் 2-க்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் உங்கள் வழக்கே. டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இருக்காது. நர்ஸ் அவ்வப்போது மணி போட்டு எழுதிய குறிப்பில் இருக்கும். ஸ்கேன் படத்தின் ஓரத்திலும் எடுத்த நேரம் இருக்கும். ரிப்போர்ட்டோடு நிற்காமல் படங்களையும் வாங்குங்கள்.

ஸ்கேன் மிஷின் அங்கேயே இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் மிஷினோ நரம்பியல் டாக்டரோ இல்லாதது குற்றமில்லை. இல்லையென்றால் 8 மணிக்கே மதுரைக்கு அனுப்பியிருக்கலாமே, அதுதான் என்னை உறுத்துகிறது.

தாமதத்தைக் காட்டினால் மட்டும் போதாது. அந்தத் தாமதத்தால்தான் இந்த நிலை வந்தது என்றும் காட்ட வேண்டும். நான் பார்த்த வழக்குகளில் பல இங்கேதான் சறுக்கின. ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே இறங்காமல் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வந்திருந்தாலோ ஊசி போட முடியாமல் போயிருக்கலாம். போட்ட எல்லோரும் எழுந்து நடந்துவிடுவதும் இல்லை. நேர்மையான நிபுணர் இதையும் எழுதுவார். மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கேஸ் ஷீட்டை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட 2 ஆண்டுதான் கெடு, போன மார்கழியிலிருந்தே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது உண்மைதான். வயிற்றில் கத்தரிக்கோலை வைத்துத் தைத்துவிட்டால் யாருக்கும் புரியும். மூளை விஷயம் அப்படியில்லை. தனியார் டாக்டர்கள் தயங்கினால், அரசு மருத்துவக் கல்லூரி நிபுணர்களின் கருத்தைக் கேட்கும்படி வக்கீல் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். “கவனக்குறைவு இல்லை” என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் விடாதீர்கள். நிபுணர் தன் முடிவுக்குக் காரணங்களை முன்வைக்க வேண்டும் என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அப்புறம், வழக்கு முடியட்டும் என்று அப்பச்சியின் பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். கேஸ் ஷீட் கிடைத்ததும் நகல் அனுப்புங்கள், நேரங்களைக் குறித்துத் தருகிறேன்.