40 பேர் பெயர், 8 பேர் வருகை

கேள்வி: எங்கள் கல்லூரிக் கத்தோலிக்க மாணவர் மன்றத்தில் 40 பேர் பெயர் கொடுத்தும், ஜெபக் கூட்டத்துக்கு 8 பேர்தான் வருகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நேரத்தை மாற்றுங்கள். சாயங்காலம் வைத்தால் குளச்சல், தேங்காப்பட்டணம் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். மதிய இடைவேளையில் 25 நிமிடம் போதும்: ஒரு பாட்டு, அன்றைய நற்செய்தி, 3 நிமிட மௌனம், மன்றாட்டு. மௌனத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பரீட்சை பயத்தோடு வருகிற பிள்ளைக்கு அதுதான் ஆறுதல். வாசகம் படிப்பவர் யாரென்று முந்தின வாரமே சொல்லிவிடுங்கள். செயலாளரே எல்லாம் செய்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். முடிந்ததும் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ), ரசவடை. நட்பு அங்கேதான் முளைக்கும்.

ஒருநாள் மன்றத்தார் எல்லோரும் சேர்ந்து கோட்டாறு பேராலயத்தில், விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த மறைசாட்சி புனித தேவசகாயம் கல்லறையில் ஜெபித்துவிட்டு, 1752-இல் அவர் உயிர்நீத்த ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கும் போய்வாருங்கள். கணவாய்க் காற்றில் மெழுகுதிரி நிற்காது. கண்ணாடிக்கூடு எடுத்துப் போங்கள்.