கேள்வி பதில்: 50 டன் கிரேன் 50 டன் தூக்குமா?

கேள்வி: மொபைல் கிரேன்ல 50 டன்னு எழுதியிருக்கே, பூமை (கிரேனோட நீளக் கை) எவ்ளோ நீட்டினாலும் 50 டன் தூக்குமா சார்?

பதில்: தூக்காதுங்க. அவுட்ரிகரை (வண்டி கவிழாம பக்கவாட்டுல ஊணற கால்) முழுசா விரிச்சு, பூமை உள்ள இழுத்து, லோடு வண்டியை ஒட்டி சுமார் 3 மீட்டர்ல இருந்தாதான் அந்தக் கணக்கு, தள்ளிப் போகப் போக கெபாசிட்டி மடமடன்னு இறங்கிடும், 20 மீட்டர்ல சில டன் தூக்கினாலே பெரிசு. இதுல ஹூக் பிளாக் (கொக்கி), ஸ்லிங் (லோடைக் கட்டற கயிறு, பெல்ட்) எடையையும் லோடோட சேர்க்கணும், நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். கேபின்ல இருக்கற லோடு சார்ட்டை (எந்தத் தூரத்துல எவ்ளோ தூக்கும்னு சொல்ற அட்டவணை) பாருங்க, வெளில பெயின்ட் அடிச்ச நம்பரை நம்பாதீங்க.

கேள்வி: ஷெட்டுக்குள்ள எது சரியா வரும்?

பதில்: பில்லர் ஸ்ட்ராங்கா இருந்தா ஈஓடி கிரேன் (EOT, கரண்ட்ல ஓடற மேல்நிலை கிரேன்), மேல ரயில்ல ஓடும், தரை ஃப்ரீ. பில்லர் தாங்காதுன்னா தனக்குன்னு கால் வெச்சிருக்கற கேன்ட்ரி. ஒரே மெஷினுக்குன்னா ஒரு தூண்லயோ சுவர்லயோ பொருத்தின, கை மட்டும் திரும்பற ஜிப் கிரேன் போதும்.

கேள்வி: டவர் கிரேன் தானா எப்படி உயரமாகுது?

பதில்: மாஸ்ட்டைச் (நிமிர்ந்து நிக்கற கம்பம்) சுத்தி ஒரு கிளைம்பிங் ஃபிரேம் இருக்கும், போல்ட்டைக் கழட்டிட்டு ஹைட்ராலிக் ஜாக்கால மேல் பாகத்தை அப்படியே தூக்குவாங்க, கீழ கிடைக்கற கேப்ல அந்த கிரேனே தூக்கிக் குடுத்த புது செக்‌ஷனைத் தள்ளி போல்ட் போட்டுடுவாங்க. அப்போ பேலன்ஸுக்கு ஜிப்ல (மேல நீட்டியிருக்கற கை) ஒரு எடையைத் தொங்கவிட்டிருப்பாங்க, கிரேனைத் திருப்பவே கூடாது, காத்து ஜாஸ்தியா அடிச்சா அன்னிக்கு வேலையே கிடையாது.