ஏற்காட்டில் வண்டிக்குள் படுக்கலாமா? கேட்டவர்களுக்கு ஒரு பழைய வேன் ஓட்டுநரின் பதில்கள்

சேலத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் சுற்றுலா வேன் ஓட்டினேன். விருந்தாளிகள் விடுதி அறையில் உறங்க, நான் வண்டியில் உறங்கியே பழகியவன். இப்போது சொந்தமாக ஒரு பழைய வேன். மாதத்தில் பத்து நாளாவது நானும் மனைவியும் அதில்தான் படுக்கிறோம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் செலவில்லாமல் தங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஓமலூர், கல்லூரி மாணவர்): அண்ணா, ஏற்காட்டில் காசு கொடுக்காமல் வண்டியை நிறுத்திப் படுக்க இடம் எங்கே இருக்கிறது?

தம்பி, "எங்கே" என்று கேட்டால் பதில் இல்லை. "யாரிடம்" என்று கேட்டால் உண்டு.

மலையில் இருக்கும் நிலத்தை எண்ணிப் பாருங்கள். ஒன்று வனத்துறையின் காப்புக்காடு; அங்கே இரவில் நுழைவதே குற்றம். இன்னொன்று காப்பித் தோட்டம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பிச் செடி கொண்டுவந்த நாளிலிருந்து மலையின் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய எஸ்டேட்தான். வேலி இல்லாததால் புறம்போக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களும் அவர்களுடைய பட்டா நிலமும். மிச்சம் இருப்பது சாலை ஓரமும் ஏரிக்கரையும். ஏரியைச் சுற்றி நிறுத்தினால் இரவில் போலீஸ் ரோந்து வந்து கண்ணாடியைத் தட்டும். மலைப்பாதை ஓரத்தில் நிறுத்துவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். வளைவில் இறங்கி வரும் லாரிக்கு நீங்கள் படுத்திருப்பது தெரியாது.

ஆகவே நான் செய்வது இதுதான். வெளிச்சம் இருக்கும்போதே, நாலு மணிக்குள் ஓர் ஊருக்குப் போய்விடுவேன். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என்று மலைமேல் ஊர்கள் பல. டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, ஊர்ப் பெரியவர் யார் என்று கேட்பேன். அவரிடம் போய், "ஓர் இரவு வண்டியை நிறுத்திக்கொள்ளட்டுமா, காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன்" என்பேன். பத்தில் ஏழு முறை இடம் கிடைத்துவிடும். பணம் வாங்க மாட்டார்கள். பதிலுக்கு அங்கேயே மிளகோ பலாப்பழமோ வாங்குங்கள்.

இது தோதுப்படவில்லை என்றால், வார நாளில் சின்ன லாட்ஜ் ஒன்றில் முற்றத்தையும் குளியலறையையும் மட்டும் கேளுங்கள். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. சனிக்கிழமை கேட்டால் சிரிப்பார்கள்.

கேள்வி (அம்மாபேட்டை): எஸ்டேட் சாலையில் நிறுத்தினால் யார் பார்க்கப் போகிறார்கள்?

நானும் அப்படி நினைத்தேன். ஒரு பிப்ரவரி இரவு, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அருமையான ஒதுக்கிடம். ஒரு மணிக்கு நாலு டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. அது மிளகு பறிக்கும் காலம். மரம் மரமாகக் காசு தொங்குகிறது. அந்நிய வண்டி நின்றால் காவலாளி திருடன் என்றுதான் நினைப்பார், நினைக்கவும் வேண்டும். வண்டியைத் திறந்து காட்டி, மன்னிப்புக் கேட்டு, அந்த இருட்டிலும் மூடுபனியிலும் நகரத் தொடங்கினேன். அதற்குப் பிறகு கேட்காமல் எங்கும் நிறுத்துவதில்லை.

கேள்வி (பெங்களூருவில் வேலை, சொந்த ஊர் ஆத்தூர்): காட்டுக்குள் கூடாரம் போட அனுமதி வாங்க முடியாதா? அமெரிக்காவில் டென்வர் பக்கம் என் தம்பி காசே இல்லாமல் காட்டில் தங்குகிறானே?

உங்கள் தம்பி சொல்வது உண்மை. அந்நாட்டில் தேசிய வனம் என்பது வேறு, தேசியப் பூங்கா என்பது வேறு. தேசிய வனங்களிலும், அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் இருக்கும் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கரிலும், தடை போடாத இடங்களில் இலவசமாகத் தங்கலாம். பொதுவாக ஒரே இடத்தில் 14 நாள் வரம்பு. டென்வரை ஒட்டிய மலைகளில் பைக், அரபாஹோ என்ற வனங்கள் அப்படிப்பட்டவை. நகரத்துக்கு அருகில் இருக்கும் இடங்களில் மட்டும், எண் போட்ட இடத்தில்தான் தங்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருப்பார்கள். வெயில் காலத்தில் நெருப்பு மூட்டவும் தடை வரும். பூங்காவுக்குள் போனால் அனுமதிச் சீட்டும் கட்டணமும் உண்டு. தம்பி போகும் முன் அந்தந்த வன அலுவலகத்தின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் ஊரில் அப்படிப்பட்ட நிலமே கிடையாது. இங்கே தமிழ்நாடு வனச் சட்டம் 1882ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைந்தாலோ நெருப்பு மூட்டினாலோ வழக்கு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. 2024இல் வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள். சேலம் மாவட்டமும் அதில் உண்டு. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு பகலில் நடந்து திரும்பலாம். காடு பார்க்க அது போதும். படுக்கையைக் காட்டுக்கு வெளியே போடுங்கள்.

கேள்வி (கோரிமேடு): 20 கொண்டை ஊசி வளைவிலும் பாரம் ஏற்றிய வேன் ஏறுமா?

ஏறுவதில் பயமில்லை. இறங்கும்போதுதான் ஆள் யார் என்று தெரியும்.

மெத்தை, தண்ணீர் கேன், அடுப்பு, பாட்டரி எல்லாம் சேர்ந்தால் முந்நூறு கிலோவை எட்டிவிடும். அந்தப் பாரத்தோடு பிரேக்கை மிதித்தபடியே அடிவாரம் வரை வந்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பு போய்விடும். தீய்ந்த வாடை அடித்தால் அதுதான் எச்சரிக்கை. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்; பெரும்பாலும் இரண்டு. நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்பவரோடு ஒரே வண்டியில் உட்காராதீர்கள். ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. ஒதுங்கி நின்று வழி விடுவது இறங்குபவரின் கடமை.

குப்பனூர் வழியாகவும் ஒரு பாதை உண்டு. அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து வருபவர்களுக்கு அதுவே வசதி, வளைவும் குறைவு. ஆனால் இரவில் ஆள் நடமாட்டம் இல்லாத பாதை. பழுதாகி நின்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டும்.

கேள்வி (மேட்டூர்): மே மாதம் கோடை விழாவுக்கு வரலாமா?

வரலாம், படுக்க இடம் தேடாதீர்கள்.

கேள்வி (குகை, இல்லத்தரசி): அண்ணா, சமையல் எப்படி? போன முறை மேலே குக்கர் இல்லாமல் சாதம் வைத்தேன், நறுக்கரிசியாகவே இருந்தது.

உங்கள் கைமேல் குற்றமில்லை, தங்கச்சி. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, சூடு மட்டும் குறைவு. அதனால் அரிசியும் பருப்பும் வேக நேரம் பிடிக்கிறது. சின்னக் குக்கர் ஒன்று கொண்டுபோங்கள், எரிவாயுவும் மிச்சமாகும்.

வீட்டு உபயோகச் சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். 5 கிலோ சிலிண்டர் அடையாள அட்டை காட்டினால் சில பெட்ரோல் பங்குகளிலேயே கிடைக்கிறது. சமையலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் பின்கதவைத் தூக்கி அதன் நிழலில் சமையுங்கள். அதுவும் முடியாவிட்டால் அன்றைக்கு வாழைப்பழமும் ரொட்டியும்தான்.

குளிருக்காக உள்ளே அடுப்பையோ கரியையோ எரிப்பது, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது, இரண்டும் சாவை அழைப்பது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம். அந்த வாயுவுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. எவ்வளவு குளிரானாலும் இரண்டு கண்ணாடிகளை விரல் அகலம் இறக்கி வையுங்கள். குளிருக்குக் கம்பளி போதும்; சேலத்தைவிட மேலே ஏழெட்டு டிகிரி குறையும், அவ்வளவுதான். காஷ்மீர் இல்லை.

கேள்வி (நாமக்கல், லாரிப் பட்டறை): எங்கள் பட்டறையில் கூரையை உயர்த்தி, கட்டில், அலமாரி எல்லாம் வெல்டிங் செய்து தருகிறோம். சட்டப்படி சரிதானே?

வேலையில் உங்கள் ஊரை அடிக்க ஆளில்லை. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் கொஞ்சம் படியுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கட்டுப்பாடு உண்டு. அனுமதிக்கப்பட்ட மாற்றமானாலும் ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் தகுதிச் சான்று வாங்கும்போது ஒரு சிக்கல், விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது இன்னொரு சிக்கல். என் வண்டியில் ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. மடக்குக் கால் வைத்த பலகை இரண்டு, இலவம்பஞ்சு மெத்தை ஒன்று. பகலில் கழற்றிக் கட்டிவிடுவேன். கேட்டால் அது சாமான்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்): கேட்கக் கூச்சமாக இருக்கிறது. காலைக்கடன்?

கூச்சப்பட்டாலும் கேட்டதற்கு நன்றி. மற்றவர்கள் இதைக் கேட்காமலேயே கிளம்பி வந்து ஊரை நாறடிக்கிறார்கள்.

மலையில் ஓடைதான் கீழே இருக்கும் ஊருக்குக் குடிநீர். நீங்கள் மேலே ஒதுங்கினால் அது யாரோ ஒருவர் வீட்டுக் குடத்துக்குப் போய்ச் சேரும். முதல் வழி, ஏற்காடு பஸ் நிலையம், ஏரிப் பக்கம் இருக்கும் கட்டணக் கழிப்பறை. அதை ஒட்டியே உங்கள் நாளை அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மூடியுள்ள வாளியில் பை மாட்டி, மேலே மரத்தூள் தூவி, கீழே கொண்டுவந்து அப்புறப்படுத்துவது. நான் மரத்தூளை மர அறுவை மில்லில் வாங்குகிறேன், காசு கேட்டதில்லை. ஓடைக்கு அறுபது மீட்டருக்குள் சோப்புப் போட்டுக் கைகூடக் கழுவாதீர்கள்.

பிளாஸ்டிக் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் மாநிலம் முழுவதும் தடை. அடிவாரத்தில் சோதித்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி (சென்னை, தனியாகப் பயணம் செய்யும் பெண்): எனக்கு இது ஒத்துவருமா?

வரும் அம்மா, ஆனால் மலைமேல் தனியாக ஒதுக்கிடத்தில் வேண்டாம். கீழே படுங்கள். சேலத்தைச் சுற்றியுள்ள நான்குவழிச் சாலைகளில் இரவு முழுக்க விளக்கெரியும் பெட்ரோல் பங்குகள் உண்டு. டேங்கை நிரப்புங்கள், பிறகு இரவு மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். குடிநீர், கழிப்பறை, காற்று எல்லாம் பங்கில் இருக்க வேண்டிய இலவச வசதிகள். லாரிகள் நிற்கும் ஓரத்தில், வாசலைப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். கிளம்ப வேண்டுமென்றால் ஒரே திருப்பத்தில் கிளம்பலாம். பங்குக்குள் அடுப்பைத் தொடவே கூடாது. பெங்களூரு பக்கமிருந்து வந்தால் தொப்பூர் கணவாயைத் தூக்கக் கலக்கத்தில் கடக்க வேண்டாம்; அதற்கு முன்பே நின்றுவிடுங்கள்.

காலையில் ஐந்தரைக்கு அஸ்தம்பட்டி தாண்டி ஏறினால் ஆறரைக்குப் பகோடா பாயிண்டில் மேகத்துக்கு மேலே நிற்கலாம். நானே இப்போது பாதி நாட்கள் இப்படித்தான் செய்கிறேன். மாலையில் கீழே இறங்கினால் சேலத்துத் தட்டுவடை செட்டும் கிடைக்கும்.

கேள்வி (தர்மபுரி): காட்டெருமை பயம் உண்டா?

உண்டு. சேர்வராயனில் யானை இல்லை, ஆனால் காட்டெருமை தோட்டத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் சாதாரணமாக வருகிறது. தானாக வந்து மோதாது. குறுக்கே போனாலோ, கன்று கூட இருந்தாலோ மோதும். இரவில் வண்டியை விட்டு இறங்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். கண் இரண்டு மின்னினால் கதவை மூடிக்கொண்டு காத்திருங்கள். பழத்தோலை வண்டிக்கு அருகில் வீசினால் அதுவே அழைப்பு.

கேள்வி (எடப்பாடி): எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால் சில நாளில் காப்பிப் பூ ஒன்றாகப் பூத்து மலையே மல்லிகை மணக்கும். அதற்காகவே நான் ஒருமுறை இரண்டு நாள் கூடுதலாக இருந்தேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மண்சரிவுக் காலம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த நாட்களில் இரண்டு நாள் சாப்பாடு, தண்ணீர் இல்லாமல் மேலே போகாதீர்கள். மண் மேட்டின் கீழே நிறுத்தவும் கூடாது.

கேள்வி (சங்ககிரி): அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. சேர்வராயன் கோயிலைப் பார்க்க வேண்டும் என்கிறார். வண்டியில் படுக்க வைக்கலாமா?

கோயில் வரை கூட்டிப் போங்கள். வண்டி மலையுச்சி வரை ஏறும், நடை கொஞ்சம்தான். குகைக்கோயில் என்பதால் உள்ளே தலை குனிந்துதான் போக வேண்டும், முதுகுவலி இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே காற்று பலமாக அடிக்கும், காதை மூடச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வயதில் இரவில் இரண்டு முறையாவது எழுந்திருக்க வேண்டி வரும்; இருட்டில், பனியில் வண்டியிலிருந்து இறங்கி ஏறச் சொல்லாதீர்கள். வார நாளில் போய், கழிப்பறை உள்ள அறை ஒன்றை அம்மாவுக்குப் பேசி எடுங்கள். அதே லாட்ஜ் முற்றத்தில் நீங்கள் வண்டியில் படுத்துக்கொள்ளலாம். அறை எடுத்தவருக்கு முற்றத்துக்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள்.