லங்காவியும் மன உறுதியும் – கடிதம்

வணக்கம் சார்,

எனக்கு 44 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் உற்பத்தி மேலாளர். சென்ற ஆண்டு மலேசியாவின் லங்காவியில் ஒரே நாளில் நீந்தி, மிதித்து, ஓட வேண்டிய முழு அயர்ன்மேன் போட்டியை முடித்தேன். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 17 மணி நேரம் கெடு. எனக்கு 16 மணி 41 நிமிடம் ஆனது. ஓட்டத்தில் பாதிக்கு மேல் நடைதான். ஊருக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் "எத்தனாவது வந்தே?" என்றார்கள். முதலாளிக்குத்தான் ரொம்ப சந்தோஷம். வருகிற ஆயுத பூஜையன்று ஊழியர்கள் முன்னால் "மன உறுதி இருந்தால் எதையும் சாதிக்கலாம்" என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு மன உறுதி என்று தனியாக எதுவும் வேலை செய்ததாக நினைவில்லை. கோச் கொடுத்த அட்டவணைப்படி போனேன், சாப்பிட்டேன், முடிந்தது. என்ன பேசுவது?

– பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வாழ்த்துகள். சொந்தக்காரர்களை விடுங்கள், நம் ஊரில் எல்லாமே ரேங்க் கார்டுதான். வேண்டுமானால் ஒரு தகவலைச் சொல்லி அவர்களை இன்னும் குழப்பலாம். 2012இல் கனடாவில் மடோனா பூடர் என்ற கன்னியாஸ்திரீ இதே தூரத்தை 16 மணி 32 நிமிடத்தில் முடித்தார். அப்போது அவருக்கு வயது 82. உங்களைவிட ஒன்பது நிமிடம் முன்னால். (பாதை வேறு, வெயில் வேறு. மனம் உடைய வேண்டாம்.)

மன உறுதி தனியாக வேலை செய்ததாக நினைவில்லை என்கிறீர்களே, கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான். அது தன்னடக்கம் இல்லை, உண்மை நிலவரமே அப்படித்தான் என்று நினைக்கிறேன். நான் முழு தூரம் செய்தவன் இல்லை. கோவாவில் 2019இல் தொடங்கிய அரை தூரப் போட்டிக்கு நண்பர்களோடு வேடிக்கை பார்க்கப் போனவன், அவ்வளவே. சைக்கிளில் பறந்த சிலர் ஓட்டத்தின்போது வெயிலில் சாலையோரம் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன். காலையில் நிதானமாகப் போனவர்கள் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தவர்களிடம் உறுதிக்குப் பஞ்சமே இல்லை. அதை மிதிப்பதிலேயே செலவழித்துவிட்டார்கள்.

உங்கள் கணக்கையே பாருங்கள். நீச்சலும் சைக்கிளும் பத்து மணி நேரத்தில் முடிந்தால் மீதம் ஏழு மணி நேரம் இருக்கிறது. 42.2 கிலோமீட்டருக்கு அதைப் பங்கிட்டால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட பத்து நிமிடம். விறுவிறுவென்று நடந்தாலே ஏறக்குறைய அந்த வேகம் வந்துவிடும். நடுநடுவே கொஞ்சம் ஓடினால் நின்று தண்ணீர் குடிக்கவும் நேரம் மிஞ்சும். ஆனால் அதற்கு சைக்கிளை விட்டு இறங்கும்போது கால்கள் நடக்கிற நிலையில் இருக்க வேண்டும். அறுபதாவது கிலோமீட்டரில் ஒருவன் முந்திப் போகும்போது ரோஷப்படாமல் "போப்பா" என்று விட்டுவிட வேண்டும். இந்தப் போட்டியில் கஷ்டமான காரியம் அதுதான் என்பது என் கட்சி.

போட்டி பிறந்ததே ஒரு வாய்ச் சண்டையில். நீச்சல்காரன், சைக்கிள்காரன், ஓட்டக்காரன் இவர்களில் யார் உடம்பு கெட்டி என்ற வாதத்தைத் தீர்க்க, அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் ஹவாயின் ஓவாஹு தீவில் நடந்துவந்த மூன்று போட்டிகளை ஒன்றாகக் கோத்தார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். ஓட்டம் தொடங்கும்போது முதலில் இருந்தவர் ஜான் டன்பார், கடற்படையின் சீல் என்ற சிறப்பு அதிரடிப் பிரிவில் இருந்தவர். மன உறுதிக்கு அதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? ஆனால் வழியில் அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோனது. பதிலுக்கு பீர் கொடுத்தார்கள். டாக்ஸி ஓட்டிப் பிழைத்த கார்டன் ஹாலர் அவரைத் தாண்டி 11 மணி 46 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். ஹாலர் நல்ல ஓட்டக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் முதல் அயர்ன்மேனின் கதையில் தண்ணீருக்கும் ஒரு பாத்திரம் உண்டு.

பிறகு மன உறுதிக் கதை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தொலைக்காட்சியிலிருந்து. 1982 பிப்ரவரியில் இதே ஹவாய் போட்டியில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். முடிவுக்கோடு நெருங்கும்போது கால்கள் மடிந்து விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கோட்டுக்கு மிக அருகில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்துபோய் 29 விநாடி வித்தியாசத்தில் வென்றார். மாஸ் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். அந்தக் காட்சிதான் இந்த விளையாட்டை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. நானும் பார்த்துக் கலங்கியவன்தான். ஆனால் வென்ற மெக்கார்ட்னியைப் பற்றி யார் பேசுகிறார்கள்? விழாமல் ஓடி முடித்தவரைக் காட்டினால் யாருக்கும் கண் கலங்காதே.

அட்டவணைப்படி சாப்பிட்டேன் என்றீர்களே, விஷயமே அதுதான். உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரை சில மணி நேரத்துக்கு மேல் வராது. அதனால்தான் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த அளவைத் தாங்கக் குடலைப் பல வாரம் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டத்தில் வாந்திதான். தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து. பயந்துகொண்டு வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்து. தாகத்தை அடக்கினால் வீரம் என்று சொல்லிக்கொடுத்த பழைய பி.டி. மாஸ்டர்களை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் முதலாளிக்கு வருகிறேன். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் ஷிப்மென்ட் நெருக்கடியில் ராத்திரி வரை மெஷினில் உட்காருகிற டெய்லர்கள் முன்னால், மேனேஜர் ஒருவர் மைக் பிடித்து "17 மணி நேரம் தாங்கினேன், மனசு வைத்தால் எல்லாம் முடியும்" என்று பேசினால் அவர்கள் காதில் அது என்னவாக விழும்? ஓவர்டைமுக்கு முன்னுரையாகத்தான் விழும். "அப்ப நாங்க தாங்கறது எந்தக் கணக்குல சார்?" என்று ஒரு அக்கா எழுந்து கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

அதனால் கோச்சின் அட்டவணையைப் பற்றியே பேசுங்கள். அதில் வாரம் ஒரு நாள் முழு ஓய்வு இருந்திருக்கும். சில வாரங்களுக்கு ஒரு முறை பயிற்சியைக் குறைத்திருப்பார். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் நன்றாகவே குறைத்திருப்பார், ஏனென்றால் உடம்பு தேறுவது ஓய்வில்தான். போட்டியன்று சில கிலோமீட்டருக்கு ஒரு முறை மேஜை போட்டுத் தண்ணீரும் வாழைப்பழமும் நீட்ட ஆட்கள் நின்றார்கள். இவ்வளவும் இருந்ததால் 16 மணி 41 நிமிடம் முடிந்தது என்று சொல்லுங்கள். உங்கள் லைனில் ஒருவர் தண்ணீர் குடிக்கவோ பாத்ரூம் போகவோ சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால், அதை மாற்றக்கூடிய நாற்காலியில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். அதையும் அன்றைக்கே அறிவித்துவிட்டால் பேச்சைவிடக் கைதட்டல் அதிகம் கிடைக்கும்.

இன்னொன்று. இந்தத் தூரத்துக்கு வாரம் பத்துப் பதினைந்து மணி நேரப் பயிற்சியாவது வேண்டும். ஞாயிறு விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மதியம் வந்து படுத்திருப்பீர்கள். வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள்? கோச் வருகிறார், முதலாளி வருகிறார், சொந்தக்காரர்கள்கூட வருகிறார்கள், வீட்டைப் பார்த்துக்கொண்டவர் மட்டும் கடிதத்தில் இல்லை. மேடையில் அவரைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்படியெல்லாம் பேச முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். பொரியும் சுண்டலும் கொடுத்து எல்லோரையும் மதியமே வீட்டுக்கு அனுப்பினால் யாரும் உங்கள் பேச்சைத் தேடப்போவதில்லை.

அன்புடன்.