மாசி வீதி பதில்கள்

கேள்வி: 1969 ஜனாதிபதி தேர்தலில் சஞ்சீவ ரெட்டியைக் கவிழ்த்தது இரண்டாவது விருப்ப ஓட்டுதான் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். சரிதானா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, நடந்தது நேர்மாறு என்றும் சொல்லிவிடுங்கள்.

ஓட்டுப் போடுகிறவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்; ஒவ்வொருவர் ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு, கூட்டுவது அந்த மதிப்பைத்தான். முதல் எண்ணிக்கையில் சுயேச்சையாக நின்ற வி.வி.கிரிக்கு 4,01,515. காங்கிரஸ் வேட்பாளர் ரெட்டிக்கு 3,13,548. ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் ஆதரித்த சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. ஜெயிக்கத் தேவை 4,18,169, யாருக்கும் எட்டவில்லை. பின்தங்கியவர்களை ஒவ்வொருவராக விலக்கி, அவர்களுடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கோ அவர் கணக்கில் சேர்த்தார்கள். முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கழித்துப் பாருங்கள். முதல் எண்ணிக்கைக்குப் பிறகு ரெட்டிக்கு வந்து சேர்ந்தது 91,879, கிரிக்கு 18,562தான். இரண்டாவது ஓட்டு ரெட்டியைக் கரைசேர்க்கத்தான் பார்த்தது. முதல் ஓட்டில் கைவிட்டவர்கள் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள்.

இந்தக் கணக்கை எனக்குக் காட்டியவர், கீழமாசி வீதியில் என் தகப்பனார் வேலை பார்த்த பருப்பு மண்டியின் கணக்குப்பிள்ளை. காமராஜர் என்றால் அவருக்கு உயிர். காமராஜர் ரெட்டி பக்கம். ஆகவே இவரும் ரெட்டி பக்கம். முடிவு வந்த மறுநாள் பேரேட்டின் கடைசித் தாளில் பெயர்களை எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டுக் கழித்தார். "வெளியாளிடம் வரவேண்டிய பாக்கி வந்துவிட்டது தம்பி, வீட்டாள்தான் தரவில்லை" என்றார். பிறகு துவரை மூட்டைக் கணக்குக்குத் திரும்பிவிட்டார்.

வீட்டாள் ஏன் தரவில்லை? ஜனாதிபதியாக இருந்த ஜாகிர் உசேன் அந்த மே மாதம் இறந்தார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் தலைவர்கள் ரெட்டியை நிறுத்தினார்கள். இந்திரா காந்தி விரும்பியது ஜெகஜீவன் ராமை. ஆனாலும் ரெட்டியின் மனுவில் கையெழுத்துப் போட்டார். அதே சூட்டில் மொரார்ஜியிடமிருந்து நிதி இலாகாவைப் பறித்தார், 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். கட்சித் தலைவர் நிஜலிங்கப்பாவோ, இரண்டாவது ஓட்டுக் கேட்டு ஜனசங்கத்திடமும் சுதந்திராக் கட்சியிடமும் போய் நின்றார். அம்மையாருக்கு வேறென்ன சாக்கு வேண்டும்? மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்று வழி திறந்துவிடப்பட்டது. தி.மு.க.வும் கிரிக்கே போட்டது. நிஜலிங்கப்பா வெளியே தேடிய ஓட்டு வந்தது. அந்தத் தேடலே உள்ளே இருந்ததைக் கலைத்துவிட்டது என்பது என் வாதம்.

இந்தப் போட்டிக்காக மக்களவை சபாநாயகர் பதவியை விட்டுவிட்டு வந்தவர் ரெட்டி. தோற்றபின் அனந்தப்பூர்ப் பக்கம் போய் விவசாயம் பார்த்தார். 1977இல் ஆந்திராவின் 42 தொகுதிகளில் காங்கிரஸ் 41ஐ அள்ளியபோது, மிச்சமிருந்த நந்தியாலில் ஜெயித்தவர் இவர்தான். அதே வருடம் ஜனாதிபதியும் ஆனார். மனுச் செய்த 37 பேரில் 36 பேருடைய மனு தள்ளுபடி. ஒரு சீட்டுகூட எண்ண வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: பதவியில் இருக்கும் ஜனாதிபதி கோர்ட்டில் சாட்சி சொன்னதுண்டா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: உண்டு. மேலே சொன்ன அதே தேர்தல்தான். ரெட்டியை அசிங்கமாகத் தாக்கி ஒரு மொட்டைத் துண்டறிக்கை எம்.பி.க்களிடையே உலவியது. அதையும் சேர்த்துக் காட்டி, தேர்தல் செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். 1970இல் கிரி சுப்ரீம் கோர்ட்டுக்கு நேரிலேயே வந்து சாட்சி சொன்னார். வழக்கு தள்ளுபடியானது.

கேள்வி: கலாமை எதிர்த்துத் தோற்ற லட்சுமி சாகலுக்கு எங்கள் ஊரோடு தொடர்பு உண்டாமே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாய் வழித் தொடர்பு. அவருடைய அம்மா அம்மு சுவாமிநாதன் 1952இல் உங்கள் ஊரின் எம்.பி. மகள் சென்னையில் டாக்டருக்குப் படித்து, சிங்கப்பூர் போய், நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கினார். அந்தப் படையில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் ஏராளம். 2002இல் இடதுசாரிகள் அவரை நிறுத்தியபோது அவருக்கு வயது 87. கலாமுக்கு 9,22,884, அவருக்கு 1,07,366. ராமேசுவரத்துக்காரரை எதிர்ப்பதா என்று நம் பக்கத்தில் அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1977 மாதிரி மனுவோடு முடிந்துபோகிற தேர்தலைவிட, தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் ஒருவர் நிற்கிற தேர்தல் எவ்வளவோ மேல்.

கேள்வி: வார்டு தேர்தலில் தோற்றுவிட்டேன். ஜனாதிபதி தேர்தலில் நின்று பார்க்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: 35 வயது ஆகியிருந்தால் ஆசைப்படலாம். டெபாசிட் 15,000 ரூபாய்; அதைப் புரட்டிவிடுவீர்கள். முன்மொழிய 50 பேர், வழிமொழிய 50 பேர் வேண்டும். அத்தனை பேரும் எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருக்க வேண்டும். மதுரை மாவட்டத்தின் 10 எம்.எல்.ஏ.க்களும் கட்சி பார்க்காமல் உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 90 பேருக்கு எப்போது கிளம்புகிறீர்கள்?