மோரி குலம்: அண்ணன் தம்பிக்கு ஏன் வேறு வேறு குலப்பெயர்?

ஜப்பானியப் போர்க்குலத் தலைவர் மோரி மோட்டோனாரியின் மகன்களில் ஒருவர் கிக்காவா, இன்னொருவர் கோபயகாவா என்று வருகிறதே, மோரி குலத்தாரின் பெயர்ப் பட்டியல் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் சரிதான். இரண்டாவது மகன் மோட்டோஹாருவும் மூன்றாவது மகன் தகாகாகேயும் அந்தக் குலங்களுக்குச் சுவீகாரம் போனவர்கள். பிள்ளையைக் கொடுத்துக் குலத்தையே வளைத்துப்போட்டார் மனிதர்! இரண்டு பெயரிலும் உள்ள 'காவா' என்றால் ஆறு. அதனால் இருவரையும் சேர்த்து 'இரு ஆறுகள்' என்பார்கள்.

மூத்தவர் தகாமோட்டோ மோரியாகவே இருந்து 1563-இல் இறந்தார். தந்தை இறந்தது 1571. (ஒற்றை அம்பு ஒடியும், மூன்று சேர்ந்தால் ஒடியாது என்று ஒற்றுமையைக் காட்ட, மரணப் படுக்கையில் மூன்று மகன்களையும் அம்பு ஒடிக்கச் சொன்னார் என்ற கதை இங்கேயே அடிபட்டுப்போகிறது.) தகாமோட்டோவுக்குப் பின் குலத் தலைவர் பேரன் தெருமோட்டோ. அவருக்குத் துணைநின்ற நால்வரில் இருவர் இந்தச் சித்தப்பாக்கள். மற்றவர்கள் ஃபுகுபாரா சததோஷி, குச்சிபா மிச்சியோஷி. கடைசி இருவரைப் பட்டியலில் மோரிகளுக்குப் பணிபுரிந்த சாமுராய் வரிசையில் போடுங்கள்.