சீனி போடாத பிஸ்கட்டில் சர்க்கரை ஏறியது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 62, ஊர் தேவகோட்டை. என் கணவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். லீவுக்கு வந்த பேத்தி ஓட்ஸ் பிஸ்கட் சொல்லிக் கொடுத்தாள். சீனி, மைதா, வெண்ணெய் எதுவும் கிடையாது. இரண்டு கப் ஓட்ஸ், நன்றாகக் கனிந்த இரண்டு வாழைப்பழம், பத்துப் பேரீச்சை, அவ்வளவுதான். இருபது பிஸ்கட் வந்தது. நாலு மணிக் காபியோடு எட்டுச் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 248. மீட்டர் தப்பாகக் காட்டுகிறதா, டாக்டர்?

பதில்: மீட்டர் மேல் சந்தேகப்பட வேண்டாம், ஆச்சி. நீங்கள் சொன்ன அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டாலே விஷயம் புரிந்துவிடும்.

இரண்டு கப் ஓட்ஸில் சுமார் 105 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இரண்டு வாழைப்பழத்தில் 54 கிராம். பேரீச்சையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். பத்துச் சின்னப் பழத்துக்கு 50 கிராமுக்கு மேல் வரும். எல்லாம் சேர்த்து இருபதால் வகுத்தால், ஒரு பிஸ்கட்டுக்குப் பத்துப் பதினோரு கிராம். ஏறக்குறைய ஒரு சின்ன இட்லி. ஐயா அன்று காபியோடு எட்டு இட்லி சாப்பிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாழைப்பழம் கனியக் கனிய அதிலுள்ள மாவு சர்க்கரையாக மாறுகிறது. தோல் கறுத்த பழம்தான் பிஸ்கட்டுக்கு இனிப்புத் தரும் என்று பேத்தி சொன்னதற்குக் காரணமும் அதுதான். ஆடிக்கும்மாயம் கிண்டினால், கருப்பட்டி போட்டது என்று தெரிந்து ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறோம். ஓட்ஸ் பிஸ்கட்டை மருந்து மாதிரி நினைப்பதால் கை டப்பாவை விட்டு வருவதில்லை. என்னிடம் வருபவர்களில் பலருக்கு இப்படித்தான் ஏறுகிறது.

ஆனால் பேத்தியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வெண்ணெயை எடுத்தது உண்மையிலேயே நல்ல காரியம். நூறு கிராம் வெண்ணெயில் 700 கலோரிக்கு மேல் இருக்கிறது, கெட்ட கொழுப்பை ஏற்றும் நிறைகொழுப்பு மட்டும் ஐம்பது கிராம். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தோ கொழுப்பைக் குறைக்கும். அதனால் பிஸ்கட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் மாற்றுவோம்.

வாழைப்பழத்துக்குப் பதில் நம் பரங்கிக்காய். நீர் விடாமல் ஆவியில் வேகவைத்து, துணியில் வடிகட்டி மசித்தால் ஒரு கப் விழுதுக்குப் பன்னிரண்டு கிராம் மாவுச்சத்துதான். ஆப்பிளை வேகவைத்து மசித்தும் போடலாம், அதில் சர்க்கரை கொஞ்சம் கூட. பேரீச்சை நாலு போதும். வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால் மாவு முழுவதும் பரவிவிடும். ஏலக்காயும் பட்டைத்தூளும் சேர்த்தால் இனிப்புக் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒன்றிரண்டாக இடித்த வறுத்த வேர்க்கடலை அரை கப் கட்டாயம் போடுங்கள். கொழுப்பே இல்லாவிட்டால் பிஸ்கட் சவசவவென்று இருக்கும். கடலையின் கொழுப்பும் புரதமும் சர்க்கரை ஏறும் வேகத்தையும் குறைக்கும். ஓட்ஸ் தட்டையாக, முழுசாக இருக்கட்டும். உடனே வெந்துவிடும் பொடி ஓட்ஸ் வேண்டாம். இப்படிச் செய்தால் ஒன்றுக்கு ஏழெட்டுக் கிராம்தான். ஈரப்பதம் அதிகம் என்பதால் முறுக்கு மாதிரி டப்பாவில் வைக்க முடியாது, பூசணம் பிடித்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளில் முடியுங்கள்.

ஒரு வேளைக்கு இரண்டு. சாப்பிடும் முன்னும், முதல் கடி கடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் மீட்டரில் பாருங்கள். பொதுவாக 180-க்குள் இருந்தால் சரி. தாண்டினால் ஒன்றாகக் குறையுங்கள். அப்புறம், சிறுநீரகம் பாதித்து, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் வாழை, பேரீச்சை, பரங்கி எதுவாக இருந்தாலும் உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று. மாத்திரை எடுப்பவருக்குச் சில நேரம் சர்க்கரை திடீரென்று இறங்கும்: கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். அப்போது இந்தப் பிஸ்கட்டைக் கொடுக்காதீர்கள். நாரும் கொழுப்பும் இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், பதினைந்து நிமிடத்தில் மறுபடி மீட்டரில் பாருங்கள்.